சிறுநீர் கல்ச்சர்: மறுநாள் காலையிலேயே பாதி பதில் சொல்லலாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீர்த் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்பதை முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடும் வெளிநாட்டுக் கருவி பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வாசித்தேன். அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, இது நம்ம ஊருக்கு எப்ப வரும்?" என்று கேட்டார்கள். நான் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி மைக்ரோபயாலஜி பிரிவில்தான், அதிலும் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிற மேசையில்தான் போனது. அவர்களுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கு எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டி பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

அந்தக் கருவியைப் பற்றி முதலில். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தடுக்கும்படி ஒரு நல்ல பரிசோதனையைக் கண்டுபிடிப்பவர்களுக்கு என்று பிரிட்டனில் 2014-ல் லாஞ்சிட்யூட் பரிசை அறிவித்தார்கள். பத்து வருடம் கழித்து, 2024 ஜூனில்தான், சுவீடனில் உப்சாலா நகரத்து சிஸ்மெக்ஸ் ஆஸ்ட்ரெகோ நிறுவனத்துக்கு 80 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். அரை மில்லிகூட வராத சிறுநீரைச் சின்ன ஒரு கேட்ரிட்ஜில் விட்டால், தலைமயிரைவிட நுண்ணிய ஆயிரக்கணக்கான வாய்க்கால்களில் பாக்டீரியா போய் மாட்டிக்கொள்ளும். சில வாய்க்கால்களில் மருந்து இருக்கும், சிலவற்றில் இருக்காது. மருந்துக்குள் அது வளர்கிறதா, நின்றுபோகிறதா என்று கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். பாக்டீரியா இருக்கிறதா என்று 15 நிமிடத்தில், எந்த மருந்துக்கு அடங்கும் என்று 45 நிமிடத்துக்குள். மெச்ச வேண்டிய வேலைதான். ஆனால் அதன் வேலை மருந்தைச் சொல்வது. வந்திருக்கும் பாக்டீரியாவின் பெயரைச் சொல்வதல்ல. பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். பதிலைக் கீழே சொல்கிறேன்.

என் கட்சி இதுதான். கருவி வருகிற நாளில் வரட்டும். இன்றைக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற லேப்களில், இருக்கிற ஆட்களை வைத்தே, சிறுநீரில் இருக்கும் பாக்டீரியா இ.கோலியா, கிளெப்சியெல்லாவா, வேறு ஏதாவதா என்பதை மறுநாள் காலை பத்து, பதினொரு மணிக்குள் டாக்டருக்குச் சொல்லிவிட முடியும். பெரும்பாலும் சொல்வதில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முழு ரிப்போர்ட்டாக அச்சடித்துக் கொடுக்கலாம் என்று அது உள்ளேயே கிடக்கிறது.

இந்த மாவட்டத்தில் இந்த நோய் யாருக்கு வருகிறது என்று கல்ச்சர் மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து அண்டி (முந்திரி) ஆபீசுகளில் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழும்பாமல் அண்டி உடைக்கிற பெண்கள். எழும்பினால் அன்றைய எடை குறையும், எடை குறைந்தால் கூலி குறையும். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் பயந்து வீடு வந்து சேரும்வரை அடக்கிவைக்கிற பிள்ளைகள். மாசமாக இருக்கிறவர்கள், சர்க்கரைக்காரர்கள், புராஸ்டேட் வீங்கின பெரியவர்கள். கடுப்பு வந்ததும் முதலில் பார்லித் தண்ணீர், இளநீர், சீசனாக இருந்தால் அக்கானி (பதநீர்). அதில் தப்பில்லை, தண்ணீர் உள்ளே போவது நல்லதுதான். அதற்கு அடுத்தது மருந்துக்கடை. "மூத்திரக் கடுப்புக்கு ஏதாவது தாங்க" என்று கேட்டால் இரண்டு நாள் மாத்திரையைக் கத்தரித்து ஒரு கவரில் போட்டுத் தருகிற கடை இன்னும் இருக்கிறது. செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் ஹெச்1 பட்டியலில் இருப்பவை. சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் சட்டம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024 தொடக்கத்தில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டார்கள். அதுபோல் ஒன்று இந்தப் பக்கமும் வேண்டும்.

இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுக் கல்ச்சருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? பாக்டீரியா வளர உணவு ஊற்றி வைத்த பிளேட்டில் ஒன்றும் முளைக்காது. 'நோ க்ரோத்' என்று ரிப்போர்ட் போகும். "ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு, ஆனா எரிச்சல் நிக்கல" என்று அந்த அம்மா ஒரு மாதம் அலைவார்.

இனி, நேரம் எங்கே தொலைகிறது என்று பார்ப்போம். சிறுநீர் பாட்டிலில் விழுந்த நிமிடத்தில் இருந்து மணி ஓடுகிறது. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் அதைப் பிளேட்டில் போட்டுவிட வேண்டும். முடியாதென்றால் 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். வெயிலில் வைத்தால் தோலில் இருந்து தவறி விழுந்த நாலு பாக்டீரியா நாலாயிரம் ஆகிவிடும். நோய் இல்லாதவருக்கும் நோய் இருப்பதாக பிளேட் சொல்லும். அல்லது மூன்று நான்கு வகை சேர்ந்து முளைத்து 'மிக்ஸ்டு க்ரோத், மீண்டும் சாம்பிள் அனுப்பவும்' என்று எழுத வேண்டி வரும். அந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். பேச்சிப்பாறையில் இருந்து பஸ் ஏறி வந்தவரிடம் திரும்பி வா என்று எப்படிச் சொல்ல?

பேச்சிப்பாறையோ, கொல்லங்கோடோ, அங்கே இருந்து ஒரு பாட்டில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ நாகர்கோவிலில் உள்ள தனியார் லேபுக்கோ வந்து சேருவதற்குள் மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும், தக்கலையில் நிற்கும், சுங்கான்கடையில் நிற்கும். வீட்டில் இருந்து கொண்டுவருகிறவர்கள் கையில் என்ன பாட்டில் இருக்கும் என்கிறீர்கள்? இருமல் மருந்துக் குப்பி. ஹார்லிக்ஸ் குப்பி. ஒருமுறை தேங்காய் எண்ணெய்க் குப்பியில் வந்தது. மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிச் சிரிக்கலாம், ஆனால் தப்பு அவர்கள்மேல் இல்லை. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கவுண்டரில் இருப்பது ஒரு பையன். அவனுக்குச் சொல்லக் கூச்சம், இவர்களுக்குக் கேட்கக் கூச்சம். பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, முதலில் வருவதைக் கக்கூசில் விட்டு, நடுவில் வருவதை மட்டும் உள்பக்கம் கை படாமல் பிடித்து, மூடியை இறுக்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். படம் போட்ட ஒரு அட்டையைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினால் பேசவே வேண்டாம்.

இனி ஐஸ் பெட்டி. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் தடுப்பூசி கொண்டுபோக ஐஸ் பேக் வைத்த பெட்டிகள் உண்டு. அதே மாதிரிப் பெட்டியைச் சிறுநீருக்கென்று தனியாக ஒன்று வாங்கி, சிவப்பு வண்ணத்தில் அடையாளம் போட்டு, தினமும் காலை ஒரு வண்டியில் வட்டாரத்துக்கு ஒன்றாக ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. (தடுப்பூசிப் பெட்டியிலேயே வைத்துவிடாதீர்கள். அப்படியும் செய்யக்கூடியவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.) ஐஸ் இல்லாத இடத்தில் போரிக் அமிலப் பொடி போட்ட டியூப் இருக்கிறது, சரியான அளவு சிறுநீர் ஊற்றிக் குலுக்கினால் பாக்டீரியா பெருகாமலும் சாகாமலும் அப்படியே நிற்கும். இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பே இல்லை.

எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மைனி (அண்ணி) கருங்கல் பக்கம் இருக்கிறார், சர்க்கரை உண்டு. கடுப்பு மாறி மாறி வந்துகொண்டிருந்தது. டாக்டர் கல்ச்சருக்கு எழுதினார். ஒரு தனியார் லேபின் கலெக்‌ஷன் சென்டரில் சனிக்கிழமை மத்தியானம் கொடுத்தார். லேபின் பெயர் இங்கே வேண்டாம். ஒருவரைச் சொல்லி மற்றவரை விடுவது நியாயமில்லை. பாட்டில் அங்கே மேசைமேல் ரத்த டியூப்களோடு இருந்து, ராத்திரி வண்டியில் வெளியூருக்குப் போனது. மறுநாள் ஞாயிறு. ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்க முடியாது என்று டாக்டர் நைட்ரோஃப்யூரன்டாயின் ஐந்து நாளைக்கு எழுதினார். அவர் செய்தது சரிதான்; சாதாரண நீர்ப்பைத் தொற்றுக்கு முதலில் கொடுக்க நல்ல மருந்து அது. மாத்திரை தீர்ந்த பிறகு ரிப்போர்ட் வந்தது: புரோட்டியஸ் மிராபிலிஸ்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். புரோட்டியசுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் இயல்பாகவே கேட்காது. பழகிப் பழகி எதிர்ப்பு வந்த கதை இல்லை இது. அதன் பிறவிக் குணம். சென்சிட்டிவிட்டி (எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை) பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, பெயர் தெரிந்தாலே போதும். அதோடு புரோட்டியஸ் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும், சிறுநீர் காரமாகும், அந்தக் காரத்தில் மக்னீசியம் அமோனியம் பாஸ்பேட் கல்லாகப் படியும். கல்லுக்குள்ளே பாக்டீரியா ஒளிந்துகொள்ளும். எந்த மாத்திரை போட்டாலும் பத்து நாளில் திரும்ப வரும். அதனால் புரோட்டியஸ் என்று வந்தால், அதுவும் திரும்பத் திரும்ப வந்தால், ஸ்கேன் பார்க்க வேண்டும். மைனிக்குப் பார்த்தார்கள். இடது சிறுநீரகத்தில் கல்.

எனக்குக் கோபம் வந்தது அதற்கல்ல. முதல் நாளே எடுத்த யூரின் ரொட்டீன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பஸ் செல் (சீழ் அணு) நிறைய. பாக்டீரியா இருப்பதைக் காட்டும் நைட்ரைட் பாசிட்டிவ். காரம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். 8.5. சிறுநீரில் முக்கி நிறம் பார்க்கும் அந்த ஸ்டிரிப்பில் அதற்கு மேலே கட்டமே கிடையாது! அது சிறுநீர் எடுத்த சூட்டிலேயே பார்த்தது, நாள்பட்டுக் காரமானதல்ல. "இங்கே யூரியாவை உடைக்கிற ஆள் யாரோ இருக்கிறான்" என்று இரண்டு நிமிட ஸ்டிரிப் சொல்லியிருக்கிறது. அச்சடித்தும் வந்திருக்கிறது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

பெயர் எதற்கு என்று கேட்டதற்கு இதுதான் பதில். இன்னொன்றும் சொல்கிறேன். எண்டரோகாக்கஸ் என்று ஒரு வகை உண்டு. பெரியவர்களுக்கும் சிறுநீர் போக டியூப் போட்டவர்களுக்கும் வரும். நம் ஊரில் சீட்டு எழுதினால் பாதிச் சீட்டில் இருக்கிற செஃபிக்ஸிம், செஃபலோஸ்போரின் வகை முழுவதுமே, அதற்கு வேலை செய்யாது. கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலின் கேட்காது. சூடோமோனாசுக்கு வாய்வழியாகக் கொடுக்க மருந்தே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். கேண்டிடா என்றால் அது பூஞ்சை, எந்த ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்யாது. ஆக, மருந்துப் பட்டியலில் பாதியைப் பெயரே அடித்துவிடும். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இ.கோலியாகத்தான் இருக்கும், உண்மைதான். மீதி இரண்டு மூன்று பேர்தானே மாத்திரை மாத்திரையாக மாறி அலைகிறவர்கள்.

இனி அந்த மறுநாள் காலையைப் பற்றி. யூரின் கல்ச்சர் போடும் லூப் ஒரு சாதாரணக் கம்பி வளையம் இல்லை. ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் அதில் நிற்கும்படி அளவெடுத்துச் செய்தது. நெருப்பில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, சிறுநீரில் நேராகத் தொட்டு எடுத்து பிளேட்டில் இழுப்போம். மறுநாள் 100 காலனி (பாக்டீரியா பெருகிய புள்ளி) முளைத்தால் மில்லிக்கு ஒரு லட்சம் பாக்டீரியா. அந்த ஒரு லட்சக் கணக்கு 1956-ல் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க டாக்டர் வகுத்தது. (கடுப்போடு வருகிற பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் பொருட்படுத்த வேண்டும் என்று பின்னால் கண்டுகொண்டார்கள். ஆனாலும் இன்றும் லட்சம் இல்லாவிட்டால் கண்டுகொள்ளாத லேப் உண்டு.) 37 டிகிரியில் ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் இருக்கும். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும். பிளேட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்றுதான் பாதுகாப்பு விதி, நானும் ஜூனியர் பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். ஆனால் சூடோமோனாஸ் இருந்தால் பழுத்த திராட்சை வாசம் முகராமலே வரும், என்ன செய்ய. ரத்தம் கலந்த பிளட் அகார் பிளேட்டில் புரோட்டியஸ் வட்டத்துக்கு மேல் வட்டமாகப் படர்ந்து, முட்டம் கடற்கரையில் அலை விட்டுப்போன மணல் வரிகள் போல பிளேட் முழுவதையும் மூடியிருக்கும். கூட இருக்கிற மற்றதெல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும். அதனால்தான் சிறுநீருக்கு உப்புக் குறைந்த கிளெட் மீடியம் (பாக்டீரியா வளர்க்கும் உணவுக் கலவை) வைக்கிறோம். அதில் புரோட்டியஸ் படராது.

வழக்கமான முறையில் இதற்குப் பிறகு ஒரு காலனியை எடுத்து இண்டோல், சிட்ரேட், யூரியேஸ் என்று பெயர் கண்டுபிடிக்கும் சோதனைகளுக்கு வரிசையாக டியூப்களில் போட்டு இன்னொரு ராத்திரி வைப்போம். கூடவே முல்லர்-ஹிண்டன் பிளேட்டில் மருந்து டிஸ்க் வைப்போம். மறுநாள் டிஸ்க்கைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளப்போம். எல்லாம் சேர்த்து ரிப்போர்ட். நடுவில் ஞாயிறு வந்தால் இன்னும் ஒரு நாள்.

இந்த இடத்தில்தான் நிறம் காட்டும் பிளேட் உதவும். குரோமோஜெனிக் அகார் என்பார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவிடமும் உள்ள நொதி அந்த மீடியத்தில் கலந்திருக்கும் பொருளை உடைக்கும்போது ஒவ்வொரு நிறம் வெளிப்படும். இ.கோலி என்றால் ரோஜா நிறம். கிளெப்சியெல்லா கரு நீலத்தில் கொழகொழவென்று. எண்டரோகாக்கஸ் பச்சை கலந்த நீலத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். புரோட்டியஸ் இளம் பழுப்பு. முதல் பிளேட்டே இதுவாக இருந்தால் மறுநாள் காலையில் கண்ணால் பார்த்தே முக்கால்வாசி சொல்லிவிடலாம். இரண்டு வகை கலந்திருந்தாலும் தனித்தனியாகத் தெரியும். மும்பை ஹைமீடியா போன்ற நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன. சாதாரண பிளேட்டைவிட விலை கூடுதல்தான். ஆனால் அதனால் மிச்சமாகும் டியூப்களையும் ஒரு நாளையும் கணக்குப் போடும்போது யாரும் சேர்ப்பதில்லை. பர்ச்சேஸ் கமிட்டி பிளேட் விலையை மட்டும் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் பிளட் அகாரில் இருந்து காலனியை எடுத்து இண்டோல் மருந்து ஊற்றிய ஃபில்டர் பேப்பரில் தேய்த்தால் அரை நிமிடத்தில் நிறம் மாறினால் பெரும்பாலும் இ.கோலிதான். ஆக்சிடேஸ் பேப்பரில் பத்து விநாடியில் ஊதா வந்தால் சூடோமோனாசைச் சந்தேகிக்கலாம். இதற்கெல்லாம் கரண்டுகூட வேண்டாம்.

மறுநாள்வரைகூடக் காத்திருக்க முடியாதவர்கள் உண்டு. குளிர் நடுங்கிக் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்று வருகிறவர்கள், கர்ப்பிணிகள். அவர்களுக்குக் கிராம் ஸ்டெயின், சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறை. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் எழுதிவைத்தது, இ.கோலியை டாக்டர் எஷெரிச் கண்டு எழுதுவதற்கும் ஒரு வருடம் முந்தையது. மெஷினில் சுழற்றாத சிறுநீரைக் கலக்கி ஒரு சொட்டு ஸ்லைடில் விட்டு, காயவிட்டு, வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின். எண்ணெய் விட்டுப் பார்க்கும் ஆயில் இம்மெர்ஷன் லென்சில் ஒரு பார்வைக்கு ஒரு பாக்டீரியா தெரிந்தாலே மில்லிக்கு லட்சத்துக்கு மேல் என்று எடுத்துக்கொள்ளலாம். சிவந்த குச்சிகளா, ஊதாச் சரங்களா? குச்சி என்றால் இ.கோலி குடும்பம் என்று ஒரு வழி. சரம் சரமாக ஊதா மணிகள் என்றால் எண்டரோகாக்கசாக இருக்கலாம், செஃபிக்ஸிமை மறந்துவிடுங்கள் என்று டாக்டரிடம் அப்போதே போன் போடலாம். காயவைக்கும் நேரத்தையும் சேர்த்துக் கால் மணி நேரம். சளிப் பரிசோதனை செய்கிற மைக்ரோஸ்கோப் உள்ள எந்த அரசு மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம். தக்கலை, குழித்துறை, குளச்சல் எதற்கும் இதற்காக ஒரு புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

பெரிய மெஷின்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மால்டி-டாஃப் என்ற கருவியைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். காலனியைத் தீக்குச்சி முனையளவுக்கு எடுத்து இரும்புத் தட்டில் தேய்த்து, ஒரு அமிலக் கரைசலால் மூடி உள்ளே வைத்தால் லேசர் அடிக்கும். பாக்டீரியாவின் புரதங்கள் வெற்றிடக் குழாயில் பறக்கும்; சின்னது முதலில், பெரியது பின்னால். வந்து சேர்ந்த வரிசையைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடும். புரதத்தைச் சிதைக்காமல் லேசரால் பறக்கவைக்கும் வித்தைக்காக 2002-ல் ஜப்பானின் கொயிச்சி தனாகா வேதியியல் நோபலில் பங்கு பெற்றார். மாவட்டத்துக்கு ஒன்று, மெடிக்கல் காலேஜில், இருந்தால் நல்லது. ஆனால் அதற்கும் காலனி வேண்டும், காலனிக்கு ஒரு ராத்திரி வேண்டும். பாக்டீரியா நிறைய இருந்தால் நேரடியாகச் சிறுநீரையே சுழற்றி வைத்தும் பார்க்கிறார்கள். எல்லா சாம்பிளுக்கும் அது சரிவராது. மருந்து கேட்குமா என்பதை அது வழக்கமாகச் சொல்லாது. சிறுநீர் வெயிலில் கிடந்து வந்திருந்தால், அதில் விழுந்த அழுக்கின் பெயரையும் சுத்தமாக, துல்லியமாக, சில நிமிடத்தில் சொல்லும். பல பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வை ஒரே நேரத்தில் தேடும் பி.சி.ஆர். பேனல்களும் அப்படித்தான்: செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் எடுத்துக் காட்டிவிடும். பத்துப் பெயர் அடித்து வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நோயாளி பயப்படுவார், டாக்டர் பத்துக்கும் மருந்து எழுதுவார்.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுநீரில் பாக்டீரியா இருப்பதெல்லாம் நோய் இல்லை. டியூப் போட்டுப் படுத்திருக்கும் தாத்தாவுக்குக் காய்ச்சலும் இல்லை, தளர்ச்சியும் இல்லை என்றால், கல்ச்சரில் வந்ததற்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை. டியூப் பல நாள் இருந்தால் பாக்டீரியா இருந்தே தீரும். கர்ப்பிணிக்கு மட்டும், அறிகுறியே இல்லாவிட்டாலும், பார்க்க வேண்டும்; விட்டுவிட்டால் சிறுநீரகம்வரை ஏறலாம், பிரசவம் முந்தலாம். கர்ப்பப் பதிவுக்கு வரும்போது பி.பி.யும் எச்.பி.யும் பார்க்கிற அதே நாளில் ஒரு கல்ச்சரும் எடுத்துவிட்டால் நல்லது. ஸ்டிரிப்பில் நைட்ரைட் நெகட்டிவ் என்று வந்தால் விட்டுவிடவும் கூடாது: எண்டரோகாக்கஸ் நைட்ரைட் ஆக்காது, அடிக்கடி போய்விட்டு வருகிறவர்களுக்கு நீர்ப்பையில் சிறுநீர் நாலு மணி நேரம் தங்காததால் இ.கோலி இருந்தாலும் நைட்ரைட் தெரியாமல் போகும்.

மாவட்ட சுகாதார இணை இயக்குநர் அவர்களும் ஆசாரிப்பள்ளம் கல்லூரி முதல்வர் அவர்களும் உங்கள் நாளிதழ் வழியாக இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பவை பெரிய பணம் பிடிக்கிற காரியங்கள் இல்லை. ஐஸ் பெட்டியைச் சொல்லிவிட்டேன். முதல் பிளேட் நிறம் காட்டும் பிளேட்டாக இருக்கட்டும், எல்லோருக்கும் முடியாவிட்டாலும் கர்ப்பிணிகளுக்கும் அட்மிட் ஆனவர்களுக்கும் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குமாவது. ஞாயிறு காலை ஒரு டெக்னீஷியனுக்கு இரண்டு மணி நேர டூட்டி போட்டு, சனிக்கிழமை பிளேட்டைப் பார்க்க வையுங்கள். மாற்று விடுப்பு கொடுத்தால் ஆள் வருவார்கள், நான் வந்திருக்கிறேன். 'முதல்நிலை ரிப்போர்ட்' என்று ஒரு வரி, இன்ன பாக்டீரியா போலத் தெரிகிறது, சென்சிட்டிவிட்டி நாளை, என்று டாக்டரின் போனுக்குப் போகட்டும். இப்போது பாஸ்போர்ட் வேலையே மெசேஜில் நடக்கிறது. பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த மாவட்டத்துச் சிறுநீர்க் கல்ச்சர்களில் எது எத்தனை, எது எந்த மருந்துக்கு அடங்கியது என்று ஒரே பக்கத்தில் தொகுத்து, கிராமத்துக் கிளினிக்வரை கொடுங்கள். டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2013 முதல் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் வலையமைப்பு வைத்து வருடாவருடம் புத்தகமாகவே போடுகிறது. அது பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் நோயாளிகளின் கணக்கு. அருமனையில் ஒற்றை அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற டாக்டருக்கு வேண்டியது குலசேகரத்துப் பால்வெட்டுக்காரியின் கணக்கு.

தனியார் லேப் நடத்துகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்களில் சிலர் என்னிடம் வேலை கற்றவர்கள். கலெக்‌ஷன் சென்டர் திறக்கும்போது ஏ.சி. போடுகிறீர்கள், கண்ணாடிக் கதவு போடுகிறீர்கள், சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றையும் சிறுநீருக்கென்று வையுங்கள். பாட்டிலில் பெயரோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். எங்கள் காலத்தில் எழுதாத பாட்டிலைத் திருப்பி அனுப்புவோம். ஆன்டிபயாடிக் ஏற்கெனவே சாப்பிட்டாரா என்று கேட்டு அதையும் குறியுங்கள்.

வாசகர்களுக்கு: கல்ச்சருக்கென்று மூடி சீல் வைத்த கன்டெய்னர் மருந்துக்கடைகளில் கிடைக்கும், லேபில் கேட்டாலும் தருவார்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் நல்லது. மாத்திரை தொடங்குமுன் பிடியுங்கள். கொடுத்த மறுநாள் பதினொரு மணிக்கு லேபுக்குப் போன் செய்து, "பிளேட்டில் என்ன முளைச்சிருக்கு?" என்று கேளுங்கள். ரிப்போர்ட் ரெடியாகவில்லை என்பார்கள். ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை, பிளேட்டைக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)